ஏழாம் விதியும் பின்னறை மின்விசிறியும்

வாருங்கள் ஐயா, அமருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் சரியில்லை, இதில் அமருங்கள். உங்கள் குடியிருப்புக்கும் ஒரு சங்கம் அமைத்திருப்பதாகவும், விதிகள் எழுதுவதற்கு எங்கள் விதிகளின் நகல் வேண்டுமென்றும் தொலைபேசியில் சொன்னீர்கள். மகிழ்ச்சி. உறையூரில் அடுக்குமாடிக் கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தெருவில் போகிறவர்கள் நின்று நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போவது எங்கள் சோலைக்குயில் குடியிருப்பைத்தான். முகப்பில் ஒரு கம்பி தொங்காது. அந்தச் சுவரில் ஓர் ஆணி இராது. அதற்குக் காரணம் ஏழாம் விதி. அதை எழுதியவன் நான்.

நகலை இப்போதே கொடுத்துவிடலாம். பதினெட்டு விதிகள், நான்கு பக்கங்கள். ஆனால் ஏழாம் விதியை அப்படியே எடுத்துப் போய் உங்கள் ஏட்டில் ஒட்டிவிடாதீர்கள். சென்ற சித்திரை மாதம் இங்கே நடந்ததைக் கேளுங்கள். கேட்டபின் எடுத்துச் செல்லுங்கள். அரை மணி நேரம் ஆகும். உங்களுக்கு வேறு அவசரம் இல்லையே? இருந்தாலும் கேளுங்கள்.

என் பெயர் திருஞானம் என்பது உங்களுக்குத் தெரியும். நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன். பிறர் எழுதியதில் பிழை காண்பதே என் பிழைப்பு. ஓய்வு பெற்ற பிறகு பிறர் வாழ்க்கையில் பிழை காண்கிறான் என்று இந்தக் கட்டடத்தில் சிலர் சொல்வார்கள், பொருட்படுத்தாதீர்கள். ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு, இதோ இந்தக் கூடத்தில் அமர்ந்து, 'நாளும் ஒரு நல்லுரை' என்று இணையத்தில் பேசுகிறேன். பதினோரு பேர் தவறாமல் கேட்கிறார்கள். அவர்களில் ஒருவர் என்னுடைய இன்னொரு தொலைபேசி; ஒலி சரியாகப் போகிறதா என்று பார்ப்பதற்காக.

நான் எழுதிய ஏழாம் விதி என்ன சொன்னது? 'எச்சுவரிலும், எவரும், எக்காரணம் கொண்டும் துளையிடலாகாது. முகப்பில் எவ்விதக் கம்பியும் தொங்கவிடலாகாது.' நான் செயலாளராகப் பொறுப்பேற்றபோது இந்தக் கட்டடம் எப்படி இருந்தது தெரியுமா? மாடிக்கு மாடி கேபிள் கம்பிகள் கொடி போல இறங்கிக் கிடந்தன. ஆளுக்கொரு துளை. மழைக்காலத்தில் அத்துளைகள் வழியே நீர் இறங்கும். விதியை நிறைவேற்றிய கூட்டத்தில் நான் ஒரு கதை சொன்னேன். ஒரு மன்னன் கோட்டை கட்டினான். காவல் நின்ற வீரன் ஒருவன் நிலவைப் பார்ப்பதற்காகச் சுவரில் ஒரு சிறு துளை இட்டான். அடுத்தவன் தன் ஊர்ப்பக்கத்தைப் பார்க்க ஒரு துளை. அதற்கடுத்தவன் காற்றுக்காக ஒன்று. பத்தாண்டு கழித்துப் பகைவன் வந்து பார்த்தான். கோட்டை இல்லை, சல்லடைதான் நின்றது. கேட்டவர்கள் கைதட்டினார்கள். விதி நிறைவேறியது.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் மனைவி மங்கையர்க்கரசி கேட்டாள்: "என்னங்க, அந்தக் கோட்டைக்கு வாசல் இருந்துச்சா?"

"இருந்திருக்கும். அதற்கென்ன?"

"இல்ல, சும்மா கேட்டேன். வாசல் வழியா வராம பகைவன் ஏன் ஓட்டைய எண்ணிக்கிட்டு நின்னான்னு."

இப்படித்தான் ஐயா, உவமையின் உயிரைப் பார்க்காமல் உவமையின் காலைப் பிடித்து இழுப்பவள். நல்லவள்தான்.

அவளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் சிக்கல் அங்கிருந்துதான் தொடங்கியது. அரசி ஆரி வேலை செய்வாள். ரவிக்கைத் துணியை ஒரு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி போல முனை வளைந்த ஊசியால் நூலும் மணியும் கோப்பது. மயில், அன்னம், கோபுரம் எல்லாம் கழுத்தில் வரும், முதுகில் வரும். பொழுதுபோக்கு என்றுதான் நான் எண்ணியிருந்தேன். பிறகு இணையத்தில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். காலை பதினொரு மணிக்கு வகுப்பு. எனக்குப் பதினொருவர், அவளுக்கு நாற்பது பேர். எண்ணிக்கையில் என்ன இருக்கிறது? கடுகைவிடப் பூசணிக்காய் பெரியது. அதற்காகத் தாளிக்கப் பூசணிக்காயையா எடுக்கிறோம்?

வகுப்பு நடப்பது பின்னறையில். அவளுடைய சட்டம் ஆறடி நீளம், வேறெங்கும் நிற்காது. வடக்குச் சன்னல் வெளிச்சமும் அங்கேதான். ஆனால் இணையப் பெட்டி இருப்பது இந்தக் கூடத்தில். இடையில் படுக்கையறை, குளியலறை, சமையலறை. கூடத்தில் ஆறு போல ஓடும் இணையம் பின்னறைக்குப் போய்ச் சேரும்போது சொட்டுச் சொட்டாகிவிடும். விளைவு என்ன தெரியுமா? பாடம் நடக்கும்போது படம் உறைந்துவிடும். அதுவும் சரியாக ஊசி துணிக்குள் இறங்கும் நேரத்தில். நாற்பது பெண்களும் ஒரே குரலில் கத்துவது எனக்கு இங்கே கேட்கும்.

"டீச்சர், ஊசி உள்ள போச்சு, வெளிய வரலை!"

"டீச்சர், நூல எந்தப் பக்கம் சுத்தணும்? நீங்க செல மாதிரி நிக்கறீங்க!"

ஆரி வேலையில் உள்ளே போன ஊசி எப்படி வெளியே வருகிறது என்பதுதான் மொத்தக் கலையும். அதைக் காணாதவள் எதைக் கற்பாள்? பத்து நாளில் நாற்பது பேர் முப்பத்தோரு பேர் ஆனார்கள். சேலத்தில் ஒருத்தி இதே வேலையைத் தெளிவான படத்தோடு சொல்லிக்கொடுக்கிறாளாம். ஒவ்வொருவராக அங்கே போனார்கள். மாலையில் அரசி சட்டத்தின் முன் சும்மா உட்கார்ந்திருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

"கூடத்துலேருந்து ஒரு ஒயர் இழுத்துட்டா போதுமாங்க. மூணு செவுரு" என்றாள்.

"ஏழாம் விதி" என்றேன்.

"பால்கனி வழியா வெளிய சுத்திக் கொண்டு வந்தா?"

"ஏழாம் விதி, இரண்டாம் பகுதி."

"அத எழுதுனது நீங்கதானே?"

"ஆகையால்தான்" என்றேன். ஐயா, இதை மனத்தில் கொள்ளுங்கள்: விதி செய்தவனே விதியை மீறினால் பிறகு அது விதியன்று, விளம்பரப் பலகை. மேல்மாடியில் லோகிதாசன் என்று ஒருவர் இருக்கிறார். பொன்மலை ரயில்வேப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துணிக்கொடி கட்ட இரண்டே இரண்டு ஆணி அடிக்க அனுமதி கேட்டார். மூன்று கடிதம் எழுதி மறுத்தேன். மூன்றாவது கடிதத்தில் கோட்டைக் கதையையும் சேர்த்திருந்தேன். என் வீட்டுச் சுவரில் துளையிடும் ஓசை கேட்டால் அவர் சும்மா இருப்பாரா?

அப்போதுதான் இரண்டாம் மாடி ஷமீம் ஒரு வழி சொன்னாள். வீட்டிலிருந்தபடியே ஏதோ ஒரு கணினி நிறுவனத்துக்கு வேலை பார்க்கும் பெண். அரசியிடம் ஆரியும் கற்கிறாள்.

"அங்கிள், பவர்லைன் அடாப்டர்னு ஒண்ணு இருக்கு. ரெண்டு டப்பா வரும். ஒண்ண மோடம் பக்கத்துல கரண்டு பாயிண்ட்ல சொருகுங்க, இன்னொண்ண பின்ரூம் பாயிண்ட்ல சொருகுங்க. செவுத்துக்குள்ள ஏற்கெனவே கரண்டு ஒயர் போகுதுல்ல? நெட்டு அதுலயே ஏறிப் போயிடும். ஓட்டையும் வேணாம், புது ஒயரும் வேணாம்."

கேட்டதும் எனக்கு மெய்சிலிர்த்தது. சுவரைத் தொட வேண்டாம். விதியை வளைக்க வேண்டாம். இருக்கும் கம்பியே போதும்! மறுநாள் நல்லுரைக்கு அதையே பொருளாக எடுத்துக்கொண்டேன். 'புதுவழி தேடி அலையாதே. உன்னுள் ஏற்கெனவே ஓடும் வழியைப் பயன்படுத்து' என்று நாற்பது நிமிடம் பேசினேன். கருவி வந்து சேர்வதற்கு முன்பே பேசிவிட்டேன் என்பது ஒரு சிறு குறை.

கருவி வந்தது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய இரண்டு வெள்ளைப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் மூன்று விளக்குகள். நடு விளக்கு பச்சையாக எரிந்தால் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொண்டன என்று பொருள். கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று சொருகினோம். பச்சை. படுக்கையறையில் சொருகினோம். பச்சை. குளியலறைக்கு வெளியே உள்ள பாயிண்டில் கூடப் பச்சை. பின்னறையில் சொருகினோம். எரியவில்லை.

மீண்டும் சொருகினோம். எரியவில்லை. மேலிருந்த பாயிண்டை விட்டுக் கீழ்ப் பாயிண்டில் சொருகினோம். எரியவில்லை. பெட்டிகளை இடம் மாற்றினோம். நான் துணியால் துடைத்தேன். அரசி ஊதிப் பார்த்தாள்.

"உங்க பின்ரூம் மட்டும் வேற ஊர்ல இருக்கா அங்கிள்?" என்றாள் ஷமீம்.

சிரிப்பதற்காகச் சொன்னாள். நானும் சிரித்தேன். ஐயா, சில சமயம் உண்மை நம் வீட்டுக்கு வரும்போது கோமாளி வேடத்தில் வருகிறது. நாம் கைதட்டி அனுப்பிவிடுகிறோம்.

மறுநாள் காலை மின் வேலை செய்யும் சகாயத்தை வரவழைத்தேன். ஷமீம் அலுவலில் இருந்தாள். அரசி வகுப்புக்கு மணி வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தாள். சகாயம் பெட்டியைப் பார்த்தார், பின்னறைப் பாயிண்டைப் பார்த்தார், கூடத்துக்கு வந்து எங்கள் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்தார். வீடு முழுவதும் அடங்கியது. இங்கே விசிறி நின்றது, குளிர்பதனப் பெட்டியின் முனகல் நின்றது, கடிகாரம் தவிர எல்லாம் நின்றன.

"சார், பின்ரூமுக்கு வாங்க" என்றார்.

போனேன். பின்னறையில் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

"மெயினை அணைத்தீர்களல்லவா?"

"அணைச்சுட்டேன் சார்."

"பிறகு இது ஏன் சுற்றுகிறது?"

"அதத்தான் நானும் பாக்கறேன். இங்கயே நில்லுங்க. நான் கீழ போய் ஒண்ணு பாத்துட்டு வரேன்."

கீழே போனார். மீட்டர் பெட்டிகள் இருக்கும் இடத்திலிருந்து குரல் வந்தது. "சார்! இப்ப நிக்குதா?"

விசிறி மெல்ல மெல்ல வேகம் குறைந்து நின்றது. "நின்றுவிட்டது" என்றேன்.

"நான் அணைச்சது படிக்கட்டு லைட்டு மீட்டர் சார்! உங்க சங்கத்து மீட்டர்!"

விளங்குகிறதா ஐயா? கட்டடம் கட்டியவர் வேலை முடியும்வரை அந்த அறையில்தான் தம் அலுவலகத்தை வைத்திருந்தார். படிக்கட்டை ஒட்டிய அறை. அதனால் பொது மீட்டரிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டார். பிறகு அறையை எங்கள் வீட்டோடு சேர்த்து விற்றார், கம்பியை மாற்றவில்லை. பதினோரு ஆண்டுகளாக என் பின்னறை விசிறியும் விளக்கும் பதினாறு வீட்டார் பங்கிட்டுக் கட்டும் மின்சாரத்தில் ஓடியிருக்கின்றன. படிக்கட்டு விளக்கைப் பகலில் அணைக்காதவர்களுக்கு ஆண்டுதோறும் கண்டனச் சுற்றறிக்கை அனுப்புகிறவன் நான். அந்தச் சுற்றறிக்கைகளை எழுதியதும் அந்த அறையில்தான், அந்த விசிறிக்குக் கீழேதான்.

எனக்கு ஒருபோதும் ஐயம் எழவில்லையா என்று கேட்பீர்கள். இரண்டு முறை எங்கள் வீட்டு ஃபியூஸ் போயிருக்கிறது. வீடெல்லாம் இருளாக, பின்னறையில் மட்டும் விளக்கு எரிந்தது. நான் அதைக் கண்டு வியந்து, 'நேர்மையாளன் வீட்டில் எல்லா விளக்கும் ஒருசேர அணைவதில்லை' என்று ஒரு நல்லுரை ஆற்றினேன். நல்ல வரவேற்பு இருந்தது.

உங்கள் சங்கத்துக்கு முதல் விதியாக இதை எழுதிக்கொள்ளுங்கள் ஐயா: செயலாளராக இருப்பவர் ஆண்டுக்கு ஒருமுறை தம் வீட்டு மெயினை அணைத்துவிட்டு, எது இன்னும் சுற்றுகிறது என்று பார்க்க வேண்டும்.

சகாயம் எல்லாவற்றையும் மீண்டும் போட்டுவிட்டு வந்தார். "ஒயர் ரெண்டும் வேற வேற மீட்டர் சார், அதான் டப்பா ஒண்ணுக்கொண்ணு பேசல. இப்பத்திக்கு ஒரு வழி இருக்கு" என்றார். எங்கள் வாசலுக்கு வெளியே, படிக்கட்டுத் திருப்பத்தில், சங்கத்தின் பாயிண்ட் ஒன்று உண்டு. இணையப் பெட்டியை வாசல்வரை இழுத்து வந்து, ஒரு வெள்ளைப் பெட்டியை அந்தப் பாயிண்டில் சொருகினார். பின்னறையில் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது.

அப்போது மணி பத்தரை. அரசி மணிப்பொட்டலத்தோடு உள்ளே வந்தாள். பச்சை விளக்கைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததே, அதை நான் எப்படிச் சொல்வேன்! காரணம் கேட்க அவளுக்கு நேரமில்லை. சொல்ல எனக்கு வாயில்லை. பதினொரு மணிக்கு வகுப்பு தொடங்கியது. படம் கண்ணாடி போல இருந்ததாம். ஊசி உள்ளே போனது, வெளியே வந்தது, உள்ளே போனது, வெளியே வந்தது. முப்பத்தோரு பேரும் "டீச்சர், சூப்பர் டீச்சர்!" என்று கூவினார்கள். நான் வாசலில் ஒரு நாற்காலி போட்டு, படியேறுகிறவர்கள் கண்ணில் படாதபடி இணையப் பெட்டியை மறைத்து உட்கார்ந்திருந்தேன்.

வகுப்பு முடிந்து வந்தவள் என்னையும் நாற்காலியையும் பார்த்தாள். "மோடம் ஏங்க செருப்பு மாதிரி வாசல்ல கெடக்கு?" என்றாள்.

சொன்னேன். நேராகச் சொல்லவில்லை; அறியாமை என்பதன் இயல்பிலிருந்து தொடங்கினேன். அவள் இரண்டாம் வாக்கியத்திலேயே புரிந்துகொண்டாள்.

"அப்ப நான் இத்தன வருஷமா ஊரான் கரண்டுலயா ஒக்காந்திருந்தேன்?"

"அரசி, அறியாமல் செய்தது பிழையாகலாம், குற்றமாகாது."

"இன்னைக்குப் பத்து மணி வரைக்கும் அறியாம. சரி. பதினொரு மணிக்கு?"

ஐயா, முப்பத்திரண்டு ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்தவன் நான். அந்தக் கேள்வியில் ஒரு புள்ளியைக் கூட என்னால் திருத்த முடியவில்லை.

ஆயினும் முயன்றேன். ஆவணி மாதம் பொதுக்குழு வருகிறது, அப்போது முறைப்படி எடுத்துரைக்கலாம் என்றேன். அதுவரை வகுப்பு தடையின்றி நடக்கட்டும், உன் மாணவிகளின் நலனை எண்ணிப்பார் என்றேன். ஒரு நற்செயலுக்காகச் சிறிது காலம் மௌனம் காப்பதும் அறமே என்று ஒரு கதையும் தொடங்கினேன். அவள் எழுந்து போய்ப் பின்னறை விசிறியை நிறுத்தினாள், விளக்கை நிறுத்தினாள், கதவைச் சாத்தினாள். தொலைபேசியை எடுத்து மாணவிகளுக்குக் குரல் பதிவு அனுப்பினாள்.

"கண்ணுங்களா, ரூம்ல ஒயர் கோளாறு. சரி பண்ற வரைக்கும் க்ளாஸ் இல்ல. யாரு சேலத்துக்குப் போகணும்னாலும் போங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஞாயித்துக்கெழம கூட்டம் போடுங்க. ஆவணி வரைக்கும் என்னால புழுங்க முடியாது."

நான் தயங்கினேன். அவளே என் தொலைபேசியை எடுத்துக் குடியிருப்போர் குழுவில் எழுதிவிட்டாள்: 'ஞாயிறு காலை பத்து மணிக்கு அவசரக் கூட்டம். செயலாளர் பேசுவார்.' உடனே லோகிதாசனிடமிருந்து பதில் வந்தது: 'அவர் பேசாம இருந்தாத்தான் அவசரக் கூட்டம் போடணும்.'

வியாழன், வெள்ளி, சனி. மூன்று நாள் வகுப்பு இல்லை. முப்பத்தொருவர் இருபத்தாறானார்கள். அரசி அதைச் சொல்லவும் இல்லை, அழவும் இல்லை. ஷமீம்தான் வந்து சொன்னாள். "அங்கிள், இன்னும் நாலு நாள் போனா பேட்சே இருக்காது. ஆன்ட்டி திரும்ப முதல்லேருந்துதான் ஆரம்பிக்கணும்." நான் என் காலை உரைக்கு அந்த மூன்று நாளும் 'மௌனத்தின் பெருமை' என்று தலைப்பு வைத்திருந்தேன். இரண்டாம் நாள் பாதியில் நிறுத்திவிட்டேன்; ஒலி சரியில்லை என்று சொன்னேன்.

ஞாயிறு வந்தது. தரைத்தளத்தில், வண்டிகளை ஒதுக்கிவிட்டு நாற்காலி போட்டோம். எப்போதும் ஏழெட்டுப் பேர்தான் வருவார்கள். அன்று நாற்பது பேருக்கு மேல். சகாயத்தையும் வரச்சொல்லியிருந்தாள் அரசி. நான் எழுந்தேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"அன்பர்களே, ஓர் ஊரில் ஒரு மனிதன் இருந்தான். அவன் தோட்டத்தில் ஒரு தென்னை. தன் கிணற்று நீரைக் குடித்தே அது வளர்கிறது என்று அவன் பெருமிதம் கொண்டிருந்தான். ஒருநாள் வேரைத் தோண்டிப் பார்த்தான். வேரோ வேலியைத் தாண்டி..."

"எந்தத் தென்ன சார்? பின்பக்கம் இருக்கறதா?" என்றார் ஒருவர்.

"அத வெட்டக்கூடாது, எளநி நல்லாருக்கு" என்றார் ஓர் அம்மாள்.

"வேரு தண்ணித் தொட்டிக்குள்ள எறங்கிடுச்சா? நான் அப்பவே சொன்னேன்!" என்று இன்னொருவர் எழுந்தார்.

"உட்காருங்கள். தென்னை ஓர் உவமை" என்றேன்.

"செக்ரட்டரி சார்" என்றார் லோகிதாசன், "உவமைய வெட்டுங்க. மேட்டர் என்ன?"

நான் வாயைத் திறந்தேன். ஐயா, எத்தனை மேடை ஏறியவன்! அந்த ஒரு வாக்கியம் மட்டும் வரவில்லை. அரசி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்தபடியே, முந்தானையை மடியில் நீவிக்கொண்டே சொன்னாள்.

"எங்க பின்ரூம் கரண்டு பதினோரு வருஷமா உங்க மீட்டர்ல ஓடியிருக்கு. எங்களுக்குத் தெரியாது. புதன்கெழமதான் தெரிஞ்சுது. தெரிஞ்ச பெறகும் அன்னைக்கு ஒரு க்ளாஸ் எடுத்துட்டேன். என்ன தரணுமோ சொல்லுங்க, தந்துடறோம். ஒயர எங்க மீட்டருக்கு மாத்திக்கறோம்."

அவ்வளவுதான். நான் தென்னையும் கிணறும் வேலியும் கொண்டு சொல்ல முடியாததை அவள் முந்தானையை நீவும் நேரத்தில் சொல்லிவிட்டாள். வண்டிகளுக்கிடையில் ஒரு பூனை ஓடியது.

சகாயம் தொண்டையைச் செருமினார். "அதுல ஒரு விஷயம் இருக்குங்க. அந்த ரூமுக்கும் வீட்டுக்கும் நடுவுல பைப்பே போடல. ஒயர மாத்தணும்னா கிச்சன்லேருந்து செவுத்துல ஒரு ஓட்டை போட்டாகணும்."

நாற்பது தலைகளும் என்னை நோக்கித் திரும்பின. பிறர் பொருளைத் திருப்பித்தர ஒரே வழி ஏழாம் விதியை உடைப்பது! இப்படி ஒரு முடிச்சை நான் கதையாகச் சொல்லியிருந்தால் நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள்.

"இன்னொண்ணு சார்" என்றார் சகாயம், யாரும் கேட்காமலே. "ஓட்டை போட்டா நெட்டு ஒயரையும் அதுலயே சேத்து இழுத்துடலாம். கூடத்துலேருந்து கிச்சன் வரைக்கும் கதவு ஓரமா விட்டா போதும். அந்த ரெண்டு டப்பாவும் தேவையே இல்ல."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெட்டிகள் வீண் என்று நான் இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். புதுக் கம்பி இழுத்திருந்தால் இணையம் மட்டும் வந்திருக்கும். பழைய கம்பியில் அனுப்பப் போனதால்தான், அது எங்கிருந்து வருகிறது என்று கேட்க நேர்ந்தது. கேளாமல் இருந்திருந்தால் இன்னும் பதினோரு ஆண்டு நல்லுரை ஆற்றியிருப்பேன்.

லோகிதாசன் எழுந்தார். மூன்று கடிதங்களுக்கும் இன்று பதில் வருகிறது என்று நினைத்தேன்.

"துணிக்கொடிக்கு ரெண்டு ஆணி கேட்டேன். கோட்டக் கதை அனுப்புனாரு" என்றார். எல்லோரும் மீண்டும் சிரித்தார்கள். "அத நான் மறக்கல. மறக்கவும் மாட்டேன். ஆனா என் மருமக மூணு நாளா மயிலுக்குக் கழுத்த மட்டும் போட்டுட்டு, ஒடம்பு எப்படிப் போடறதுன்னு தெரியாம ஒக்காந்திருக்கா. அடுத்த மாசம் அவ தங்கச்சி கல்யாணம். கழுத்தோட ஒரு மயில வச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது? டீச்சர் வீட்டுச் செவுத்துல ஓட்டை போடலாம்னு நான் முன்மொழியறேன்."

"எனக்கு ரெண்டு கையும் பாதியில நிக்குது!" என்று ஓர் அம்மாள்.

"எனக்கு முதுகு!"

"டீச்சர், நாளைக்கே போட்டுடுங்க டீச்சர்!"

அப்போதுதான் நான் நிமிர்ந்து முகங்களைப் பார்த்தேன். முதலாம் மாடி, இரண்டாம் மாடி, மேல்மாடி. நான் சுற்றறிக்கை அனுப்பிய வீடுகளில் பாதிக்கு மேல், அரசி அனுப்பிய நூல் போயிருக்கிறது. எனக்கு அது தெரியாது. இந்தக் கட்டடத்தில் யார் வீட்டு விளக்கு எத்தனை மணிக்கு எரிகிறது என்று தெரியும், இது தெரியாது.

"ஏழாம் விதியத் திருத்திடலாம்" என்றாள் ஷமீம். "'எக்காரணம் கொண்டும்'னு இருக்கறத எடுத்துட்டு, 'கூட்டத்துல கேட்டுட்டு'ன்னு போட்டுக்கலாம். லோகிதாசன் அங்கிளுக்கும் ரெண்டு ஆணி சேத்துக்கலாம்."

"நாலு" என்றார் லோகிதாசன். "வட்டியோட."

"ஆதரிக்கறவங்க கை தூக்குங்க!"

கைகள் உயர்ந்தன. வளையல் கை, கடிகாரக் கை, இடுப்பில் குழந்தையை வைத்திருந்த ஒருத்தி குழந்தையின் கையையும் சேர்த்து உயர்த்தினாள். வாக்கே இல்லாத சகாயமும் தூக்கினார். நான் தீர்மான ஏட்டை மடியில் வைத்துக்கொண்டு, பேனாவும் கையுமாக எண்ணினேன். எல்லாக் கைகளும் உயர்ந்திருந்தன, ஒன்றைத் தவிர. ஐயா, நான் எதிர்த்தவன் அல்லேன். துளை வேண்டும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அந்த விதியை எழுதிய கை அல்லவா? அது எழும்ப மறுத்தது. கொள்கைக்கும் வீம்புக்கும் எடையில் வேறுபாடு தெரிவதில்லை. இரண்டும் கையை ஒரே மாதிரிதான் அழுத்துகின்றன.

அரசி என் விரல்களுக்கிடையிலிருந்து பேனாவை எடுத்தாள். என் முழங்கையைப் பிடித்து மேலே தூக்கினாள். ஒரு துணிமடிப்பை நிமிர்த்துவது போலத்தான் தூக்கினாள். கோபம் இல்லை, அவசரமும் இல்லை.

"இப்ப எண்ணுங்க" என்றாள்.

எண்ணினேன். பேனாவைத் திருப்பி வாங்கி, இடக்கையால் ஏட்டைத் தாங்கிக்கொண்டு, வலக்கையைச் சற்றே தாழ்த்தி எழுதினேன்: 'தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.' எழுதியதைப் படித்துப் பார்த்தேன். 'ஒருமனதாக' என்பதன் மேல் பேனா நின்றது. கை உயர்ந்தது மெய், உயர்த்தியவள் வேறொருத்தி. அதை அப்படி எழுதலாமா? அடித்துவிட்டு 'பெரும்பான்மையாக' என்று மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். அரசி இன்னும் என் முழங்கையை விடவில்லை.

அப்படியே இருக்கட்டும் என்று கையெழுத்திட்டேன்.